கருக்கலைப்புக்குச் சட்டம் எங்கே கோடு போட வேண்டும்? நெல்லிக்குப்பம் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். என் மருமகள் முதல் முறையாக உண்டாகியிருந்தாள். ஐந்தாம் மாத ஸ்கேனுக்குத் தேதி கொடுத்திருந்த வாரத்தில்தான் ஃபெஞ்சல் புயல் வந்தது. தென்பெண்ணையில் வெள்ளம் வந்து எங்கள் பக்கமெல்லாம் தண்ணீர். ஸ்கேன் தள்ளிப்போய் 22ஆம் வாரத்தில்தான் எடுத்தோம். குழந்தைக்கு இரண்டு சிறுநீரகமும் இல்லை, பனிக்குடத்தில் நீரே இல்லை, பிறந்தாலும் பிழைக்காது என்றார்கள். கலைக்கலாமா என்று கேட்டதற்கு, 20 வாரம் தாண்டிவிட்டது, முடியாது என்றது ஒரு மருத்துவமனை. கோர்ட் உத்தரவு வாங்கி வாருங்கள் என்றது இன்னொன்று. என் மகன் கையெழுத்துக்காக வேறு காக்கவைத்தார்கள். கடைசியில் புதுச்சேரிக்கு வந்துதான் முடிந்தது. அதற்குள் 24 வாரம் நிறைவதற்கு இரண்டு மூன்று நாள்தான் பாக்கி.

இப்போது வீட்டில் வேறு சண்டை. பெண்ணின் உடம்பு, பெண்ணின் முடிவு, சட்டம் இதில் வாரக் கணக்கே வைக்கக் கூடாது, பிரான்சில் அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள் என்கிறான் மகன். இதயம் துடிக்க ஆரம்பித்த பிறகு கலைப்பது சிசுஹத்தி, சட்டம் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்கிறார் மாப்பிள்ளை. பேச்சு ஆரம்பித்ததும் மருமகள் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி என்று படுகிறது. உண்மையில் சட்டம் கோட்டை எங்கே போட வேண்டும்? அடுத்த முறை இப்படி நேராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்:

அம்மா,

உங்கள் மருமகளைத் திருப்பி அனுப்பியவர்கள் சொன்ன காரணங்களுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. 22 வாரத்தில் இப்படிப்பட்ட குறை தெரிந்தால், பதிவு பெற்ற மருத்துவர்கள் இரண்டு பேர் பரிசோதித்து, தங்கள் கருத்தை எழுதிக் கையெழுத்திட்டால் போதும். நீதிமன்றம் தேவையில்லை. மருத்துவக் குழுவும் தேவையில்லை. 2021 செப்டம்பர் 24 முதல் இதுதான் சட்டம். "20 வாரம் தாண்டிவிட்டது" என்று சொன்னவர் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தையே இன்னும் மனப்பாடமாக வைத்திருக்கிறார். கோர்ட் உத்தரவு கேட்டவர் தன் தலைக்கு எதுவும் வராமல் பார்த்துக்கொண்டார். உங்கள் மகன் கையெழுத்தையும் சட்டம் கேட்கவில்லை. 18 வயது நிரம்பிய, மனநலம் உள்ள பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும். கணவர், மாமனார், அப்பா என்று வேறு யாருடைய கையெழுத்துக்கும் அங்கே வேலையில்லை. ஆனாலும் ஊரெங்கும் கேட்கிறார்கள். என் தொழிலில் இருப்பவர்களைப் பற்றி இப்படி எழுதுவது எனக்குச் சுகமாக இல்லை. ஆனால் நீங்கள் கேட்ட பெரிய கேள்விக்கான பதிலில் பாதி இந்த அலைச்சலுக்குள்தான் கிடக்கிறது.

அவர்கள் ஏன் பயந்தார்கள் என்று பாருங்கள். நம் நாட்டில் கருக்கலைப்பு அடிப்படையில் இன்றும் குற்றம்தான். 1860இல் வெள்ளைக்காரர்கள் எழுதிய தண்டனைச் சட்டத்தில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 88ஆம் பிரிவாக அப்படியே தொடர்கிறது. கலைப்பவருக்கு 3 ஆண்டு வரை சிறை; வயிற்றில் குழந்தையின் அசைவு தெரிந்த பிறகு என்றால் 7 ஆண்டு வரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இதே பிரிவுக்குள் வருகிறாள். கள்ளத்தனமாகக் கலைத்துக்கொண்டு பெண்கள் செத்துப்போவதைப் பார்த்துத்தான் மத்திய அரசு 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் குழு அமைத்தது. அதன் பரிந்துரையிலிருந்து வந்தது 1971ஆம் ஆண்டு மருத்துவ முறையிலான கருக்கலைப்புச் சட்டம். அந்தச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? இன்ன இன்ன நிலைமைகளில், இன்ன தகுதியுள்ள மருத்துவர், இன்ன இடத்தில் செய்தால் அவர்மீது குற்றமில்லை என்கிறது. பெண் கேட்டால் செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வரி கிடையாது. மருத்துவர் நல்லெண்ணத்தோடு அப்படிக் கருதினால் செய்யலாம், அவ்வளவுதான். மருத்துவரைக் காப்பாற்ற எழுதிய சட்டம் அது. அதன் நிழலில் பெண்ணும் ஒதுங்கிக்கொள்கிறாள். சந்தேகம் வந்தால் மருத்துவர் முதலில் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இன்றைய கோடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து. கருத்தடை பலிக்காமல் போனதும் போதுமான காரணமே. 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள். அதுவும் விதிகளில் பட்டியலிட்ட பெண்களுக்கு மட்டும். பலாத்காரத்துக்கு ஆளானவர்கள், 18 வயதுக்குக் குறைந்தவர்கள், கர்ப்ப காலத்தில் கணவனை இழந்தவர்கள் அல்லது விவாகரத்து ஆனவர்கள், கடுமையான உடல் ஊனமோ மனநோயோ உள்ளவர்கள், சிசுவுக்குப் பெரிய குறை இருப்பவர்கள், அரசு பேரிடர் என்று அறிவித்த சூழலில் சிக்கியவர்கள். கடைசியில் உள்ளதைப் படித்தால் மற்ற ஊர்க்காரர்கள் கடந்து போய்விடலாம்; 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், போன ஃபெஞ்சல் என்று வரிசையாகப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு அது ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லித் தர வேண்டியதில்லை. 24 வாரத்துக்கு மேல், சிசுவுக்குக் கணிசமான குறை இருப்பதாக மருத்துவக் குழு சொன்னால் மட்டும். அதற்கு வார வரம்பு இல்லை. தாயின் உயிரைக் காப்பாற்ற உடனே செய்தாக வேண்டும் என்றால் எந்த வாரத்திலும் ஒரே மருத்துவர் செய்யலாம். மணமாகாத பெண்களும் 24 வாரம் வரையிலான சலுகைக்கு உரியவர்கள் என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது.

உங்கள் மாப்பிள்ளை சொல்வதை எடுத்துக்கொள்வோம். சிசுஹத்தி பாவம் என்று அவர் நம்புவதை நான் குறை சொல்ல மாட்டேன். நம் பாட்டிமார் அப்படித்தான் நம்பினார்கள், அதே பாட்டிமார் எருக்கம்பாலையும் பப்பாளிக்காயையும் பற்றியும் அறிந்திருந்தார்கள். ஆனால் இதயத் துடிப்பைச் சட்டத்தின் கோடாக வைத்தால் என்ன ஆகும் என்று அவர் யோசித்திருக்க மாட்டார். கர்ப்பத்தின் வாரங்களைக் கடைசி மாதவிடாய் வந்த முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். துடிப்பு ஸ்கேனில் தெரிவது ஏறக்குறைய 6ஆம் வாரத்தில். அதாவது பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய் இரண்டே வாரம். மாதம் தவறி வருவது வழக்கமாக இருக்கும் பெண், ரத்தசோகை உள்ள பெண், கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவள், இவர்களுக்கெல்லாம் அப்போது சந்தேகமே வந்திருக்காது. தெரிவதற்கு முன்பே மூடிவிடும் கதவுக்குப் பெயர் வரம்பு இல்லை, தடை.

அந்தத் தடை என்ன செய்யும் என்பதற்கு ஒரு மரணம் சாட்சியாக இருக்கிறது. கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர் 2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வே நகரில் 17 வாரக் கர்ப்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தார். கரு சிதையத் தொடங்கிவிட்டது, தங்காது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவரே கலைத்துவிடச் சொல்லிக் கேட்டார். சிசுவின் இதயம் துடித்துக்கொண்டிருந்ததால் அந்நாட்டுச் சட்டத்துக்குப் பயந்து காத்திருந்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவி, அக்டோபர் 28 அன்று 31ஆம் வயதில் இறந்துபோனார். பிழைக்கவே போவதில்லை என்று தெரிந்த ஒரு துடிப்புக்காகப் பிழைத்திருக்க வேண்டியவர் போனார். அயர்லாந்து மக்கள் 2018இல் வாக்களித்து அந்தச் சட்டத்தையே மாற்றினார்கள். மாப்பிள்ளையிடம் இதை வாதமாக வைக்காதீர்கள், செய்தியாகச் சொல்லுங்கள். உங்கள் மருமகள் வயிற்றில் இருந்த சிசுவுக்கும் இதயம் நன்றாகத்தான் துடித்துக்கொண்டிருந்திருக்கும். சிறுநீரகம் இல்லாவிட்டாலும் வயிற்றுக்குள் இருக்கும்வரை தாயின் நஞ்சுக்கொடி அந்த வேலையைப் பார்த்துவிடும்.

இனி மகன். பிரான்சைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான், ஆனால் அரைகுறை. 2024 மார்ச்சில் கருக்கலைப்புச் சுதந்திரத்தை அந்நாடு அரசியல் சாசனத்தில் சேர்த்தது. ஆனால் வாரக் கணக்கை அது கைவிடவில்லை. அமைச்சர் சிமோன் வெய் 1975இல் கொண்டுவந்த சட்டத்தில் 10 வாரம், 2001இல் 12, 2022இல் 14. இந்த 14 வாரம் வரை பெண் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதன் பிறகு தாய்க்குப் பெரிய ஆபத்து, சிசுவுக்குத் தீராத கடுமையான நோய் என்றால் மட்டும், எந்த வாரத்திலும். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள குடும்பங்களிலிருந்து வரும் பெண்கள் சிலர் என்னிடம் இந்த 14ஐயும் நம் 20ஐயும் ஒப்பிட்டு, "இந்தியாதான் தாராளமோ?" என்று கேட்டதுண்டு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரெஞ்சுச் சட்டம் கரு உண்டான நாளிலிருந்து எண்ணுகிறது. நாம் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுகிறோம். அவர்களுடைய 14 நம்முடைய 16. சென்னைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால், கடலூர் மஞ்சக்குப்பத்தில் நின்று கேட்கிறீர்களா புதுச்சேரியில் நின்று கேட்கிறீர்களா என்பதைப் பொறுத்துத்தானே பதில்? தொலைக்காட்சி விவாதங்களில் ஒவ்வொரு நாட்டு எண்ணையும் வரிசையாக அடுக்குபவர்கள் இதைச் சொல்வதே இல்லை. அதைவிடப் பெரிய வித்தியாசம், அங்கே முதல் 14 வாரமும் முடிவு பெண்ணுடையது. இங்கே முதல் வாரத்திலும் முடிவு மருத்துவருடையது. எண் பெரிதாக இருப்பதால் உரிமை பெரிது என்று ஆகிவிடாது.

கோடே கூடாது என்ற உங்கள் மகனின் கட்சிக்கு நான் வர மாட்டேன். வாதமாகக் கேட்க அது சுத்தமாக இருக்கிறது. பிரசவ அறையில் நிற்பவளுக்கு அப்படி இல்லை.

26 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிசுவுக்கு ஒரு குறையும் இல்லை. கர்ப்பத்தை முடிப்பது என்றால் பெரும்பாலும் மருந்து கொடுத்து வலியை வரவழைத்துப் பிரசவம் பார்ப்பதுதான். அப்படிப் பிறப்பது உயிரோடு பிறக்கும். மூச்சுக்குத் தவிக்கும். நல்ல பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு இருந்தால் பிழைக்கவும் வாய்ப்பிருக்கிறது. பிழைத்தாலும் கண், மூளை, நுரையீரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். அது வேண்டாம் என்றால் முதலில் தாயின் வயிற்றின் வழியாக ஊசி போட்டு அதன் இதயத்தை நிறுத்த வேண்டும். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்ததும் இதே நிலைதான். இரண்டு குழந்தைகளுக்குத் தாயான 27 வயதுப் பெண், இரண்டாவது பிரசவத்துக்குப் பின் மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். முதலில் அனுமதித்தார்கள். இதயத்தை நிறுத்தலாமா என்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் கேட்டு எழுதியதும் வழக்கு திரும்ப வந்தது. இரண்டு நீதிபதிகளில் ஒருவர் தன் மனசாட்சி அனுமதிக்கவில்லை என்றார், மற்றவர் அந்தப் பெண்ணின் முடிவை மதிக்க வேண்டும் என்றார். அக்டோபர் 16 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு மறுத்துவிட்டது. முதலில் பிரிந்து நின்ற அந்த இரண்டு நீதிபதிகளும் பெண்களே என்பதைப் பலர் கவனிக்கவில்லை. பெண் நீதிபதிகள் என்றால் ஒரே பக்கம் நிற்பார்கள் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

அந்தத் தீர்ப்பைத் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. வெளியே வந்தால் வாழக்கூடிய நிலையை எட்டிய பிறகு வயிற்றில் இருப்பதற்கும் சட்டம் கொஞ்சம் காது கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதற்கு முன்னால் அது தாயின் உடலை நம்பி மட்டுமே இருக்கிறது. அதற்குப் பின்னால் இன்னொருவர் கையில் கொடுத்து வளர்க்க வழியிருக்கிறது. சுமாராக 24 வாரத்தில் நுரையீரல் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கிறது. ஆனாலும் அந்த வழக்கில் என் மனத்தை உறுத்துவது தீர்ப்பு இல்லை. பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் அவருக்கு மாதவிடாய் வரவில்லை. கர்ப்பம் என்றே தெரியவில்லை. தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. பால் கொடுக்கும்வரை கரு தங்காது என்று நம் ஊர்ப் பெண்களும் நம்புகிறார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு, அதுவும் குழந்தைக்கு வேறு உணவு கொடுக்கத் தொடங்கிவிட்டால், அந்த நம்பிக்கைக்கு ஆதாரமே இல்லை. பிரசவ வார்டிலிருந்து அனுப்பும்போது இதை யாராவது சொல்லியிருந்தால் அந்த வழக்கே வந்திருக்காது.

இவ்வளவுக்கும் பிறகு நான் சட்டம் எழுதினால் எப்படி எழுதுவேன் என்று கேட்கிறீர்கள். 20 வாரம் வரை பெண் கேட்பதே காரணம். மருத்துவரின் வேலை பாதுகாப்பாகச் செய்வது, நியாயம் விசாரிப்பது இல்லை. 20 முதல் 24 வரை இரண்டு மருத்துவர்கள் பார்க்கட்டும், ஆனால் அந்தப் பட்டியல் எடுத்துக்காட்டாக மட்டும் இருக்கட்டும். கணவன் செத்துப்போனால் பட்டியலில் இடமுண்டு, குடித்துவிட்டு அடித்து வீட்டைவிட்டுத் துரத்தினால் எழுத்தில் இடமில்லை என்பது என்ன நியாயம்? 24க்கு மேல் தாயின் உயிர், தாயின் உடல்நிலைக்கும் மனநிலைக்கும் கடுமையான கேடு, சிசுவின் பெரிய குறை, இவற்றோடு பலாத்காரத்தால் கர்ப்பமான சிறுமிகளையும் சேர்ப்பேன். இன்று 24 வாரம் தாண்டிய சிறுமிக்காக அவள் பெற்றோர் உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது. கடலூரானாலும் புதுச்சேரியானாலும் சென்னைக்குத்தான் போக வேண்டும். பயந்துபோன குழந்தை வயிற்றைப் பாவாடைக்குள் மறைத்து வைத்திருந்த மாதங்களை அவள் குற்றமாக எண்ணக் கூடாது.

நான் 20 என்று சொன்ன இடத்தில்தான் என்னோடு பணியாற்றும் சிலர் தகராறு செய்கிறார்கள். அவர்கள் வாதத்தை நான் இலேசாகத் தள்ளிவிட முடியாது, முக்கியமாகக் கடலூர் மாவட்டத்துக்காரருக்குப் பதில் எழுதும்போது. 2011 கணக்கெடுப்பில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1000 ஆணுக்குக் கடலூர் மாவட்டத்தில் 896 பெண்தான். மாநிலம் முழுவதற்கும் அது 943. தொட்டில் குழந்தைத் திட்டத்தை இந்த மாவட்டத்துக்கு விரிவாக்க வேண்டியிருந்தது சும்மா இல்லை. 14, 15 வாரத்துக்குப் பிறகு ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். காரணம் கேட்காமல் 20 வாரம் வரை விட்டால் பெண் கரு தப்புமா என்பது அவர்கள் கேள்வி. என் பதில் இது: அந்தக் குற்றம் நடப்பது ஸ்கேன் அறையில். அதைத் தடுக்க 1994ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறோம். பாலினத்தைச் சொல்பவரைப் பிடியுங்கள், இயந்திரத்துக்குச் சீல் வையுங்கள். அதை ஒழுங்காகச் செய்யாததற்காக எல்லாப் பெண்களையும் சந்தேகத்தோடு விசாரிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் பெண் கருவைக் கலைக்க மாமியார் இழுத்து வரும் பெண்ணைப் பார்த்த யாரும் இந்தப் பதிலை முழு நிம்மதியோடு சொல்ல மாட்டார்கள். நானும்தான்.

கோட்டை இறுக்கினால் கருக்கலைப்பு குறைந்துவிடும் என்று எண்ணுபவர்களுக்கு ஒன்று. 2015இல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் 1.56 கோடி என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவற்றில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவை, மருத்துவமனைக்கு வெளியே மாத்திரை விழுங்கி நடந்தவை. அந்த மாத்திரையைச் சட்டப்படி 9 வாரம் வரைதான், மருத்துவர் சீட்டின்பேரில்தான் கொடுக்கலாம். ஐந்தாம் மாதத்தில் மருந்துக்கடையில் வாங்கி விழுங்கிவிட்டு, ரத்தம் நிற்காமல் நள்ளிரவில் வருகிறவர்களைக் கேட்டால் பாதிப் பேர் முதலில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் கேட்டு, திட்டு வாங்கித் திரும்பியவர்களாக இருப்பார்கள்.

என் கோரிக்கைகளில் பெரியது எண்ணைப் பற்றியது இல்லை. தாமதம் யாருடையது என்று சட்டம் கேட்க வேண்டும். இப்போது கேட்பதில்லை. புயல் வந்தது, ஸ்கேன் தள்ளிப்போனது, ஒருவர் முடியாது என்றார், இன்னொருவர் கோர்ட் என்றார். எல்லா நாளும் உங்கள் மருமகள் கணக்கில்தான் ஏறியது. அவள் முதலில் வந்து கேட்ட நாள் எதுவோ அந்த நாளின் வாரத்தையே கணக்கில் எடுக்க வேண்டும். மறுப்பவர் ஏன் மறுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்து, செய்பவரிடம் அன்றைக்கே அனுப்ப வேண்டும். மருத்துவக் குழு விண்ணப்பம் வந்த 3 நாளில் கருத்துச் சொல்ல வேண்டும், அனுமதித்தால் 5 நாளுக்குள் சிகிச்சை முடிய வேண்டும் என்று விதியில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் குழு மாவட்டத்துக்கு ஒன்றாக இருந்தால்தான் அந்த விதிக்கு உயிர் இருக்கும்.

வாரக் கணக்கு அவ்வளவு துல்லியமானதும் இல்லை. முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் ஒரு வாரத்துக்குள் சரியாகச் சொல்லும். 22 வாரத்துக்குப் பிறகு முதன்முதலாக எடுக்கும் ஸ்கேனில் இரண்டு வாரம் வரை முன்பின் ஆகலாம். 23 வாரம் 6 நாள் என்றால் அனுமதி, 24 வாரம் 1 நாள் என்றால் உயர் நீதிமன்றம் என்று சொல்பவர்களுக்கு அந்த இயந்திரத்தைத் தெரியாது என்றுதான் அர்த்தம். சந்தேகம் இருக்கும் இடத்தில் அதன் பலன் பெண்ணுக்குப் போக வேண்டும்.

உங்கள் மருமகள் விஷயம் ஏன் முன்பே தெரியவில்லை என்று வீட்டில் யாராவது அவளைக் குத்திக் காட்டியிருந்தால், இதைப் படித்துக் காட்டுங்கள். பனிக்குட நீரில் பெரும்பகுதி சிசுவின் சிறுநீராக மாறுவது 16 வாரத்தை ஒட்டித்தான். அதற்கு முன் சிறுநீரகமே இல்லாத சிசுவைச் சுற்றியும் நீர் இருக்கும், மூன்றாம் மாத ஸ்கேனில் எல்லாம் சரியாகத் தோன்றும். நீர் இல்லாவிட்டால் நுரையீரல் வளராது. பிறந்த பிறகு மூச்சுவிட முடியாது. அவள் சாப்பிட்டதாலோ, வேலை செய்ததாலோ, வெள்ளத்தில் நடந்ததாலோ வந்தது இல்லை. 20 வாரத்துக்குப் பின் தெரியும் குறைகள் இருக்கின்றன என்பதால்தான் கோட்டை 20இலிருந்து 24க்கு நகர்த்தினார்கள்.

இன்னொன்று. 22, 23 வாரத்தில் முடிந்த பிறகும் மார்பில் பால் சுரக்கும். பல பெண்களுக்கு இதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. குழந்தை இல்லாத வீட்டில் பால் கட்டி நிற்கும்போது அவள் என்ன பாடுபட்டாளோ தெரியாது. அதை நிறுத்த மாத்திரை உண்டு. அவள் எழுந்து உள்ளே போகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகனும் மாப்பிள்ளையும் வாதாடிக்கொள்வது அவள் பெற்ற குழந்தையை வைத்து. அவள் இருக்கும் இடத்தில் இந்தப் பேச்சை நிறுத்துங்கள், அதைச் செய்ய அந்த வீட்டில் உங்களால்தான் முடியும். தூக்கம் வரவில்லை, சாப்பிடவில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், கூச்சப்படாதீர்கள்.

அடுத்த கர்ப்பத்துக்கு முன் மகன், மருமகள் இருவருக்கும் வயிற்று ஸ்கேன் எடுத்துச் சிறுநீரகங்களைப் பார்த்துவிடுங்கள்; பிறவியிலேயே ஒரே சிறுநீரகத்தோடு எதுவும் தெரியாமல் வாழ்பவர்கள் இருக்கிறார்கள், அப்படி இருந்தால் அடுத்த குழந்தைக்கு ஆபத்து கொஞ்சம் கூடுதல். அப்படி இல்லையென்றால் மீண்டும் இதே குறை வரும் வாய்ப்பு சிறியது. மருமகளுக்குச் சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்லுங்கள், ஃபோலிக் அமில மாத்திரையைக் கரு தங்குவதற்கு முன்பே தொடங்கட்டும். புதுச்சேரியில் கொடுத்த அறிக்கைகளையும், சிசுவுக்கு ஏதாவது பரிசோதனை செய்திருந்தால் அதன் முடிவையும் பத்திரமாக வைத்துக்கொண்டு மரபியல் ஆலோசனைக்கு எடுத்துப் போங்கள். அடுத்த முறை முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே ஒரு ஸ்கேன் எடுத்துத் தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள், பிறகு 16 வாரத்தில் சிறுநீரகத்துக்காகவே தனியாக ஒன்று. அது மழைக்காலத்தில் வருகிறதென்றால் தேதியை ஒரு வாரம் முன்னால் கேட்டு வாங்குங்கள்.